மூன்றாம் தொட்டி மயில் உள்ளான்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், அந்தக் கடைவாய்ப் பல்லை இனியும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டிவிடு.

இனி மனசில் இருப்பதை எழுதுகிறேன், போனில் பேசினால் குரல் உயர்ந்துவிடும். பத்து நாள் முன்னால் என் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினேனே, அதில் ம உ 3 வ என்று இருந்தது, மயில் உள்ளான், மூன்றாம் தொட்டி, வடகரை. பறவைப் பெயரின் முதல் எழுத்துகளை மட்டும் குறிக்கிற இந்த வழக்கம் நீ ஏழாவது படிக்கும்போது நாம் இரண்டு பேரும் ஏற்படுத்தியது, கூடு இருக்கும் இடம் மூன்றாவது ஆளுக்குத் தெரியக் கூடாது என்றுதான். ஞாயிற்றுக்கிழமை கழிவுநீர் நிலையத்தில் பம்பை நிறுத்திவிட்டு வெளியே வந்தால் கேட்டில் பதினோரு பேர், ஆளுக்கொரு பீரங்கி மாதிரி கேமரா. என்ன விஷயம் என்றேன், ஒருவர் செல்போனை நீட்டினார். அதில் என் கையெழுத்து, பக்கத்திலேயே எந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று நீ கொடுத்த விளக்கம், கீழே உனக்கு முந்நூறு பேர் பாராட்டு. சூப்பர்வைசர் பெருமையாக உள்ளே விட்டுவிட்டார். படத்தை மறைக்கிறது என்று கூட்டைச் சுற்றியிருந்த கோரையை வெட்டினார்கள். அந்த இனத்தில் அப்பன்தான் அடைகாக்கும், உனக்குத் தெரியாததா. சாயங்காலம் வரை தள்ளியே சுற்றிச் சுற்றி வந்தது, அப்புறம் காணோம். மறுநாள் தொட்டுப் பார்த்தேன், நாலு முட்டையும் ஜில்லென்று கிடந்தன.

ஒரு குருவிக்காகப் பெத்த பிள்ளைகிட்ட மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறீங்களே என்கிறாள் அம்மா. வேறு யார் செய்திருந்தாலும் நாலு வார்த்தை திட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். நீ செய்தாய். அன்றைக்குப் போனில் கேட்டதற்கு, நாலு பேர் பாக்கட்டுமேப்பா என்று சிரித்தாய். அந்தச் சிரிப்புதான் காதிலேயே நிற்கிறது. நீ எனக்குத் துரோகம் செய்துவிட்டாய் கண்ணு, இதைவிடச் சின்ன வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. வியாழக்கிழமை ஒரு பறவையைப் பார்த்தேன், பதினைந்து வருஷமாக நாம் இரண்டு பேரும் தேடியது. என்ன பறவை, எங்கே என்று உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுதவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா