அட்டையின் பின்பக்கம்

மே 9, வெள்ளி

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன்; எல்லோர் கண்ணிலும் படும்படி அதன் முகப்பிலும் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். எனக்கு அசிங்கமாக இருந்தாலும் எழுதுவேன். கதை கட்டுவதற்கு வேறு நோட்டு இருக்கிறது.

அந்த வேறு நோட்டில்தான் சிக்கல். வெள்ளிக்கிழமைகளில் பள்ளி விட்டதும் நூலகத்தின் பின்மேசையில் நாங்கள் நான்கு பேர் இருபது முகப் பகடை உருட்டிக் கதை விளையாடுகிறோம். டெக்லன், பிரிடி, மெரின் மூவருக்கும் ஆளுக்கொரு வீரர். மற்றதெல்லாம் நான்: ஊர், மழை, பூதம், வழியில் எதிர்ப்படும் அத்தனை பேரும். இன்று டெக்லன் சிப்ஸைத் தின்றுகொண்டே சொன்னான்: "டில்டா, உன் ஊர்ல கொல்லன், திருடன், ராணி எல்லாரும் ஒரே மாதிரி பேசுறாங்க. எல்லாருமே நீதான்."

உண்மை. வலித்தது. ஆனால் ஒரு யோசனையும் வந்தது: ஊர்க்காரர்களை அவர்களே உருவாக்கட்டும். ஆளுக்கு ஓர் அட்டை. முன்பக்கத்தில் பெயர், தொழில், பேசும் விதம். அது எல்லோருக்கும். பின்பக்கத்தில் அந்த ஆளின் ரகசியம். அதைக் கதை நடத்தும் நான் மட்டுமே படிப்பேன். சத்தியம் செய்தேன்.

"சத்தியம்லாம் எதுக்கு தாயே," என்றான் டெக்லன்.

மெரின் மட்டும் கேட்டாள்: "நிஜமாவே நீ மட்டும்தானா?"

மே 16, வெள்ளி

அட்டைகள் வந்துவிட்டன. டெக்லனுடையது கடற்பறவைகளுக்குப் பயப்படும் மீன்காரன். பிரிடியுடையது காது கேட்காத மணியடிப்பவர். மெரினுடையதுதான் பிரமாதம்: ஓரின் என்ற படகோட்டி. எப்போதும் "அடுத்த வியாழன் வந்துடுவேன்" என்பான். வரும்போது மகளுக்குப் பொருந்தாத செருப்பு வாங்கி வருவான்.

பின்பக்கம்: அக்கரையில் அவனுக்கு இன்னொரு வீடு இருக்கிறது. மகளுக்குத் தெரியும். அவள் அம்மாவுக்குத் தெரியாது.

எவ்வளவு நல்ல கற்பனை. எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

மெரின் புது ஷூவின் பின்பக்கத்தை மிதித்து மடக்கிப் போட்டிருந்தாள். எங்கள் தீவிலிருந்து கடல் தாண்டிப் பெருநிலத்துச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் அவள் அப்பா, வியாழக்கிழமை ஊருக்கு வந்தபோது வாங்கி வந்ததாம். ஒரு சைஸ் சிறியது.

மே 23, வெள்ளி

இதுவரை நடத்தியதிலேயே இன்றைய ஆட்டம்தான் சிறந்தது. அப்படித்தான் நான்கரை மணி வரை நினைத்தேன்.

மூவரும் ஓரினின் படகில் ஏறினார்கள். "அடுத்த வியாழன் வந்துடுவேன் செல்லம்," என்று நான் கரகரத்த குரலில் சொன்னபோது முதலில் சிரித்தது மெரின்தான். பிறகு பிரிடி படகோட்டியின் மூட்டையைச் சோதிக்கப் பகடை உருட்டினாள். இருபது. இருபது விழுந்தால் பெரிதாக ஏதாவது கிடைத்தே ஆக வேண்டும், அது எங்கள் மேசையின் வழக்கம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மூட்டையில் இன்னொரு வீட்டுச் சாவி இருக்கிறது என்றேன். ஒரு ஜோடி சின்னச் செருப்பும் இருக்கிறது. அந்த வீட்டில் இருக்கும் இன்னொரு மகளின் அளவு அது. ஓரினுக்கு அந்த அளவு மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

அந்த இன்னொரு மகளும் அளவும் அட்டையில் இல்லை. நானாகச் சேர்த்தது. சொல்லும்போது பெருமையாக இருந்தது.

டெக்லன், "அடப்பாவி," என்று விசிலடித்தான். மெரின் குனிந்து தன் காலைப் பார்த்தாள். பிரிடியும் மேசைக்கடியில் குனிந்து அதே காலைப் பார்த்தாள்.

மெரின் பகடைகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். மழை. குடை மேசையிலேயே கிடந்தது.

மே 24, சனி

ஐந்து முறை செய்தி அனுப்பினேன். பதில் இல்லை.

மே 30, வெள்ளி

மெரின் வாரம் முழுவதும் பள்ளிக்கு வரவில்லை. இன்று நாங்கள் விளையாடவில்லை. பிரிடி சிப்ஸைத் தொடவே இல்லை.

"நான் அம்மாகிட்ட மட்டும்தான் சொன்னேன்," என்றாள்.

"எதை?"

"கதையைத்தான். செருப்பு, வியாழக்கிழமை, அதெல்லாம். ஒரு சந்தேகமாதான் சொன்னேன்."

பிரிடியின் அம்மாவும் மெரினின் அம்மாவும் ஒரே மருந்துக்கடையில் வேலை செய்கிறார்கள்.

டெக்லன் எதுவும் கிண்டல் செய்யவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஜூன் 4, புதன்

லாக்கர் பக்கம் மெரின் தனியாக நின்றாள். பழைய ஷூ போட்டிருந்தாள்.

"நீ மட்டும்தான் படிப்பேன்னு சொன்னியே," என்றாள்.

"படிச்சது நான் மட்டும்தான் மெரின். இருபது விழுந்துச்சு, அதனால..."

"மூட்டையில தங்கம் இருக்குன்னு சொல்லியிருக்கலாம்ல."

சொல்லியிருக்கலாம். ஒரு முத்து. ஒரு வரைபடம். எதை வேண்டுமானாலும்.

"அது நிஜம்னு எனக்குத் தெரியாதுடீ. தெரியாம இருக்கணும்னா ஏன் எழுதின?"

கேட்டிருக்கக் கூடாது. அவள் கோபப்படவில்லை. யோசித்துத்தான் பதில் சொன்னாள்: "யாராவது ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கட்டும்னு இருந்துச்சு. ஒரே ஒருத்தருக்கு." பிறகு, "போன வியாழன் அம்மா ஏர்போர்ட்டுக்குப் போகல. அப்பா டாக்ஸி பிடிச்சு வந்து வாசல்லயே நின்னாரு. நான் கதவைத் திறக்கவா வேணாமான்னே தெரியல."

செருப்பு பற்றி நான் சேர்த்த வரி நிஜமா என்ற கேள்வி வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவளே சொன்னாள்: "அந்த சைஸ் விஷயம் எனக்குத் தோணவே இல்ல. இப்ப அதைத் தவிர வேற எதுவும் தோணல."

ஜூன் 5, வியாழன்

தெரியாது என்று அவளிடம் சொன்னேன். மே 16-ஐத் திருப்பிப் படித்தேன். ஷூவை நானே எழுதியிருக்கிறேன், அட்டையைப் பற்றி எழுதிய வரிகளுக்கு நேர் கீழே. தெரியாதா, அல்லது கதை நன்றாக வரும் என்பதால் தெரிந்துகொள்ள விரும்பவில்லையா?

ஜூன் 20, வெள்ளி

மெரினும் அவள் அம்மாவும் ஹோபார்ட் நகரத்தில் இருக்கும் சித்தி வீட்டுக்கே போய்விடப் போகிறார்கள். இந்தக் கல்விப் பருவம் முடிந்ததும். டெக்லன்தான் சொன்னான். வேறு யாரும் என்னிடம் எதுவும் சொல்வதில்லை இப்போது. நியாயம்தான்.

ஜூலை 4, வெள்ளி

பருவத்தின் கடைசி நாள். பின்மேசையில் நான் மட்டும். அவள் குடையைக் கொண்டுவந்திருந்தேன்.

நூலகர் மிஸஸ் பாஸ்கோ ஓர் அட்டையைக் கொண்டுவந்து வைத்தார். "மெரின் மத்தியானமே வந்து புக்கெல்லாம் திருப்பிக் குடுத்துட்டுப் போயிட்டாம்மா. இதை உன்கிட்ட குடுக்கச் சொன்னா. உன் ஊருக்காம்."

முன்பக்கம், அவள் கையெழுத்து. பெயர்: எழுத்துக்காரி. தொழில்: நடந்ததை நடந்தபடியே எழுதுவது. பேசும் விதம்: நன்றாகப் பேசுவாள்.

திருப்பினேன். ரகசியம் இருக்க வேண்டிய பின்பக்கம் காலி. பென்சிலால் எழுதி அழித்திருப்பாளோ என்று சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். அழித்த தடம்கூட இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஐந்து மணி ஆகிவிட்டது. மிஸஸ் பாஸ்கோ முன்வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக விளக்குகளை அணைத்துக்கொண்டு வருகிறார்.