அப்பாவின் அளவுக்குச் செய்த தூக்கி

என் ஆசை அப்பா,

ஒருவழியாக நாங்கள் செய்த தூக்கி வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் எங்கள் துறையில் அதை வைத்திருக்க இடமில்லையாம், கொண்டுபோங்கள் என்றார்கள். போன கிழமை என்னோடு படிக்கிற துவாரகன் தன் மாமாவின் சின்ன லொறியில் ஏற்றிவந்து இறக்கினான். ஒழுங்கையில் நின்றவர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். "என்ன பிள்ளை, வள்ளம் இழுக்கிற மிசினோ?" என்று ஒருவர் கேட்டார். இல்லை, அப்பாவைத் தூக்குகிற மிசின் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு அதை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டேன்.

இப்போது அது உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. உங்கள் வள்ளத்தின் நீலத்தையே அதற்கும் பூசியிருக்கிறோம். அம்மா அதைத் தொடவில்லை. குசினிக்குப் போகும்போதும் வரும்போதும், அறிமுகமில்லாத யாரோ வந்து நிற்பதுபோல அதைச் சுற்றி ஒதுங்கிப் போனார்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். இறுதி வருட வடிவமைப்புத் திட்டங்களில் எங்களுடையதுக்குத்தான் முதலிடம். உங்களுக்குச் சந்தோசமும் புளுகமும்தானே? முடிவைக் கேட்டவுடன் உங்களுக்குச் சொல்லத்தான் போனை எடுத்தேன். உங்கள் இலக்கம் இன்னும் அதில் இருக்கிறது. அழித்து என்னத்தைக் காணப்போகிறேன்?

இதை மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உங்களுக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் குருநகரிலிருந்து கடலட்டைக்குச் சுழியோடியவர். ஒருநாள் ஆழத்திலிருந்து மெல்ல மெல்ல வராமல் கெதியாக மேலே வந்துவிட்டீர்கள். உடம்புக்குள் காற்றுக் குமிழ் கட்டி, அன்றோடு இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. நான் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு உங்களைக் கட்டிலிலிருந்து சில்லுக் கதிரைக்கும், கதிரையிலிருந்து கட்டிலுக்கும் மாற்றியது அம்மாதான். உங்கள் கக்கத்துக்குள் கையைக் கொடுத்து, "மாதாவே" என்று ஒரு சத்தம் வைத்து, ஒரே தூக்கு. அந்தச் சத்தத்தில்தான் எனக்குக் காலையில் விழிப்பு வரும்.

நான் வளாக விடுதிக்குப் போன பிறகு அம்மாவின் முதுகு போயிற்று. இனிப் பாரம் தூக்கவே கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். உங்களைப் பார்க்க வந்த தாதியோ, "ஐயாவை ஒரே கிடையிலை விடாதேங்கோ. இடைக்கிடை எழுப்பி இருத்துங்கோ. இல்லாட்டிப் புண் வந்திடும்" என்றார். இரண்டு பேர் சொன்னதும் சரி. இரண்டையும் சேர்த்துச் செய்ய எங்கள் வீட்டில் ஆள் இல்லை.

அந்த நேரத்தில்தான் எங்கள் இயந்திரவியல் துறையில் அறிவித்தார்கள்: ஒவ்வொரு குழுவும் ஊரில் உள்ள உண்மையான சிக்கல் ஒன்றை எடுத்து, அதைத் தீர்க்க ஓர் இயந்திரம் வடிவமைத்து, செய்தும் காட்ட வேண்டும். மற்றவர்கள் வெங்காயத் தாள் வெட்டவும் கருவாடு காயவைக்கவும் வெளிக்கிட்டார்கள். நான் கையை உயர்த்தி, எங்கள் வீட்டில் ஒரு சிக்கல் கட்டிலில் படுத்திருக்கிறது என்றேன். வகுப்பே சிரித்தது. உங்களிடம் வந்து சொன்னபோது நீங்கள் அதைவிடச் சிரித்தீர்கள்.

கோப்பாய்த் துவாரகன் என்னோடு சேர்ந்துகொண்டான். இரண்டு பேரும் அளவு நாடாவோடு வந்து உங்கள் தோள், இடுப்பு, தொடை எல்லாம் அளந்தோம். எடை பார்க்க மட்டும் வழி தெரியவில்லை. மீன் நிறுக்கிற தராசைக் கொண்டுவரச் சொல்லி யோசனை சொன்னவரே நீங்கள்தான்.

"என்னை மாதா சுருவம் மாதிரித் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகப் போறியளோ?" என்று கேட்டீர்கள்.

"ஓம் அங்கிள், கோயில் பெருநாளுக்கு முதல் முடிச்சிடுவம்" என்றான் துவாரகன்.

"சுருவத்துக்கு நோகாது தம்பி. எனக்கு நோகும். நோகாமல் தூக்கிற மாதிரிச் செய்யுங்கோ."

துவாரகன் கிணற்றடிக்குக் கை கழுவப் போன நேரம் நீங்கள் என்னைக் கிட்டக் கூப்பிட்டீர்கள். "கொம்மா தூக்கேக்கை கக்கம் ரெண்டும் பிய்ஞ்சு போற மாதிரி நோகும் பிள்ளை. அவளுக்குச் சொல்லிப்போடாதை, பாவம்." நான் சொல்லவில்லை அப்பா. சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

தூக்கி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஓர் இரும்புத் தூண், அதிலிருந்து நீளும் ஒரு கை, கையில் தொங்கும் துணித் தொட்டில். கார் உயர்த்துகிற ஜாக்கி ஒன்றால் கை மேலே போகும். கீழே சில்லுப் பூட்டிய இரண்டு கால்கள் கட்டிலுக்கு அடியில் போய் நிற்க வேண்டும், அப்போதுதான் ஆளின் பாரத்துக்குக் கவிழாது. அம்மா முதுகை வளைக்காமல் நின்றபடி பிடியை அமத்தினால் போதும் என்று பெருமையடித்தேன். தொட்டிலை அம்மாவே தன் தையல் மெசினில் இரண்டு மடிப்பாகத் தைத்துத் தந்தார்.

முதல் தரம் அதை வீட்டுக்குக் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? கால்களைத் தள்ளினோம். போகவில்லை. குனிந்து பார்த்தால் கட்டிலுக்கு அடியில் ஓர் உலகமே இருக்கிறது: அரிசி மூட்டை, உங்கள் தகரப்பெட்டி, பழைய கயிறு, நத்தார்ப் பாலன் குடில் சாமான், ஒரு பக்கம் சில்லு இல்லாத என் சின்ன வயதுச் சைக்கிள். எங்கள் ஊரில் எந்த வீட்டில்தான் கட்டிலுக்கு அடி வெறுமையாக இருக்கிறது? அதற்குள் ஒளித்து விளையாடி வளர்ந்தவள் நான். பட்டறையில் மட்டும் வெறும் இரும்புக் கட்டிலை வைத்துப் பரிசோதித்துவிட்டு வந்திருந்தோம்.

எல்லாவற்றையும் இழுத்து முற்றத்தில் போட்டோம். திரும்பவும் தள்ளினோம். அப்போதும் போகவில்லை. எங்கள் மரக்கட்டிலின் அடிச்சட்டம் பட்டறைக் கட்டிலைவிட நாலு விரல் பதிவு, அவ்வளவு தாழ்வு. நீங்கள் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "முதல்லை கட்டிலைத் தூக்க ஒரு மிசின் செய்யுங்கோ" என்றீர்கள். அம்மாகூட முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்கு அது பகிடிதான்.

கட்டிலுக்குக் கல் வைத்து உயர்த்தியும் பார்த்தோம். வெடித்த சீமெந்துத் தரையில் கட்டில் ஆடியது. "கடலிலை ஆடினது காணும், இறக்குங்கோ" என்று சத்தம் போட்டீர்கள். கட்டையான அம்மாவுக்கு உங்களைத் துடைத்துத் திருப்பவும் அந்த உயரம் எட்டவில்லை. ஆகவே தூக்கியின் கால்களைத்தான் பதிக்க வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

காலைப் பதித்தால் சில்லும் சின்னதாக வேண்டும். சின்னச் சில்லு பாரம் தாங்க வேண்டும். அப்படிப்பட்ட சில்லு யாழ்ப்பாணத்தில் கிடைக்கவில்லை, கொழும்பில் சொல்லிவைத்தோம். மாற்றிய வரைபடத்தை எங்கள் திட்டத்துக்குப் பொறுப்பான சேரிடம் காட்டினோம். அவரும் நல்ல மனிதர், பார்த்துத் தருகிறேன் என்றார். இடையில் பரீட்சை வந்தது. அப்பா, இதில் ஒருவரும் வேண்டுமென்று தாமதிக்கவில்லை. யாராவது ஒருவர் சோம்பேறியாக இருந்திருந்தால் அவரைத் திட்டியாவது மனம் ஆறியிருப்பேன். எல்லோரும் தங்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். நான் யாரோடு கோபிப்பது?

புண் உணர்வில்லாத இடத்தில் வந்தது. உங்களுக்கே தெரியவில்லை. அம்மா கண்டபோது ஒரு சின்னச் சிவப்பு. பிறகு அது உள்ளே போயிற்று. பிறகு காய்ச்சல், ஆஸ்பத்திரி. வார்ட்டில் நான் பக்கத்தில் நின்றபோது, "மிசின் என்ன மாதிரி?" என்று கேட்டீர்கள்.

"சில்லு வந்திட்டுது அப்பா."

"அப்ப சரி" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் என்னோடு கதைக்கவில்லை.

உங்கள் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகுதான் கால்களை வெல்டிங் ஒட்டி முடித்தோம். பரிசோதிக்க ஆள் வேண்டுமே. துவாரகன் உங்கள் எடைக்கு மணல் நிறுத்து மூட்டை கட்டினான். மூட்டைகளைத் தொட்டிலில் வைத்து நான் ஜாக்கியை அமத்தினேன். ஆடாமல், முனகாமல் எழும்பியது. அவன் அந்தப் பக்கம் திரும்பி நின்றான். சைவக்காரனான அவன், வெள்ளிக்கிழமை விரதத்துக்கு மரக்கறிச் சோறா மீன் சோறா என்று உங்களோடு சண்டை பிடித்தவன் அல்லவா.

வாய்மொழிப் பரீட்சையில் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன். பாரம், வளைவு, கவிழாமல் நிற்கும் கணக்கு எல்லாம் சொன்னேன். கடைசியாக ஒருவர், "இதைப் பாவிக்கிறவர் என்ன சொன்னவர்? அந்தப் பகுதி அறிக்கையிலை வெறுமையா இருக்கே?" என்று கேட்டார். நான் அறிக்கையை மூடினேன். துவாரகன்தான், "அவர் இப்ப இல்லை சேர்" என்றான். பிறகு ஒருவர் என்னைத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். முதலிடம் அந்தக் கணக்குகளுக்குத் தந்தார்களா, அந்த வெறுமைக்குத் தந்தார்களா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இனி அதற்குப் பிறகு நடந்த கதை. தூக்கி வந்த மறுநாளே, அதைப் பற்றிக் கேள்விப்பட்டு, கொக்குவிலிலிருந்து ஓர் அக்கா எங்களைத் தேடி வந்தார். அவருடைய கணவர் கூரை வேலை செய்யும்போது விழுந்து, உங்களைப் போலவே படுக்கையில் இருக்கிறார். "தங்கச்சி, சும்மா நிக்கிறதெண்டால் எங்களுக்குத் தருவியளோ? அவருக்கு முதுகிலை சிவந்துகொண்டு வருது" என்றார். சிவந்துகொண்டு வருது என்றதும் அம்மா என்னைப் பார்த்தார். நான் அன்றைக்கே துவாரகனையும் கூட்டிக்கொண்டு அளவு நாடாவோடு கொக்குவிலுக்குப் போனேன்.

அவர்களுடைய கட்டில் எங்களுடையதைவிட இரண்டு விரல் பதிவு, அப்பா. அங்கேயும் கால்கள் போகாது. நான் நிலத்தில் குந்தித் திரும்பவும் அளந்தேன். துவாரகன்தான் சொன்னான், கால்களை வெட்டித் தட்டை இரும்பில் திரும்ப ஒட்டலாம், அவர் உங்களைவிட நெட்டை என்பதால் தூணையும் வெட்டி நீட்ட வேண்டும், இரண்டு நாள் வேலை என்று.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். குடுக்கத்தானே வேணும் என்று சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"குடு. ஆனால் வெட்டாதை" என்றார்.

"வெட்டாமல் அங்கை பாவிக்க ஏலாதம்மா."

"அது அவரின்ரை அளவு. உடுப்பெல்லாத்தையும் குடுத்தாச்சு. கதிரையையும் குடுத்தாச்சு. அவரின்ரை உயரத்துக்கு, அவரின்ரை பாரத்துக்கெண்டு இந்த வீட்டிலை வேறை என்ன கிடக்கு? அதையும் வெட்டப் போறியே?"

அங்கே ஒருவருக்கு முதுகு சிவந்துகொண்டிருக்கிறது. இங்கே அம்மா. இதற்கு எந்தக் கணக்கும் எனக்குப் படிப்பிக்கவில்லை. கொக்குவில் அக்கா போனில் கூப்பிட்டார், நான் எடுக்கவில்லை. திரும்பவும் கூப்பிட்டார். "பாக்கிறம் அக்கா" என்று மட்டும் சொன்னேன். வரைபடத்துக்குச் சேர் சொன்ன அதே சொல்தான் கடைசியில் என் வாயிலும் வந்தது.

நேற்று மத்தியானம் சாப்பிட்ட கை கழுவிவிட்டு அம்மா வந்து உங்கள் கட்டிலில் படுத்தார். "பிள்ளை, என்னை ஒருக்காத் தூக்கு" என்றார்.

"ஏனம்மா?"

"தூக்கு எண்டால் தூக்கன்."

தான் தைத்த தொட்டிலை அம்மாவின் கீழே விரித்தேன். கால்களைத் தள்ளினேன். கட்டிலுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போயின, அப்பா. அவ்வளவு வடிவாகப் போயின. பிடியை அமத்த அமத்த அம்மா மெல்ல மெல்லக் கட்டிலை விட்டு எழும்பினார். இத்தனை வருடமாக உங்களைத் தூக்கிய மனுசி கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, குழந்தைப் பிள்ளைபோலத் தொங்கிக்கொண்டிருந்தார்.

"கக்கம் நோகேல்லை" என்றார் அம்மா.

பிறகு, "நான் தூக்கேக்கை அவருக்கு நொந்திருக்கும், என்ன? கண்ணை மூடிக்கொண்டு கிடப்பர். நோகுதோ எண்டால் இல்லையெண்டுவர்" என்றார்.

நீங்கள் சொல்ல வேண்டாம் என்றதை நான் சொல்லவில்லை. ஆனால் இல்லை என்று பொய் சொல்லவும் என்னால் முடியவில்லை. பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன், அவ்வளவுதான். அம்மா கண்ணைத் திறக்காமலே, "இறக்கு. நாளைக்கே கொண்டுபோய் வெட்டுங்கோ" என்றார்.

இப்போது துவாரகன் கொண்டுவந்த லொறி வாசலில் நிற்கிறது. வெட்டி ஒட்ட இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளில் கொக்குவிலில் அந்தச் சிவப்பு என்ன ஆகுமோ, எனக்குத் தெரியாது. தொட்டிலை மட்டும் அம்மா கழற்றி மடித்து, உங்கள் கட்டிலுக்கு அடியில் திரும்பவும் தள்ளிய தகரப்பெட்டியோடு வைத்துவிட்டார். கொக்குவிலுக்குப் புதிதாக ஒன்று தைக்கிறாராம். அங்கே உள்ளவருக்கு முதுகு எவ்வளவு அகலம் என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

உங்களுக்குப் பெரிய வாக்கு ஒன்றும் தர என்னிடம் இல்லை, அப்பா. இனி எந்த வீட்டுக்கு என்ன செய்யப் போனாலும், பேனையைத் தொடுவதற்கு முதல் முழங்காலில் நின்று கட்டிலுக்கு அடியைப் பார்ப்பேன். நோகுதோ என்று கேட்டு இல்லை என்று சொல்கிறவர்களை உடனே நம்பிவிடவும் மாட்டேன்.

உங்களைத் தூக்கக் கொடுத்துவைக்காத
உங்கடை மூத்தவள்,
ஜெனிற்றா