அந்த மெஷினுக்கு இன்று என்ன தேதி?

உன் மாடிக் கடையின் கதவைத் திறந்ததும் முதலில் வந்தது அந்த வாடைதான். சூடான பிளாஸ்டிக்கும் ஈயப் புகையும் நீ நெற்றியில் தடவிக்கொள்ளும் தலைவலித் தைலமும் கலந்த வாடை. உன் தம்பி சாவியை என் கையில் கொடுத்து, "அக்கா, நீங்களே பாத்து எடுத்து வைங்க, என்னால முடியல," என்று சொல்லிவிட்டுக் கீழேயே நின்றுகொண்டான். டெங்கிக் காய்ச்சலில் நீ போய் ஒரு மாதம் ஆகிறது. பிரிக்பீல்ட்ஸில் உன் கடை வாசலில் மட்டும் வாடிக்கைக்காரர்களின் காலணிகள் இல்லை.

மூலையில் இருந்த அந்தப் பழைய எக்ஸ்டி கம்ப்யூட்டர் மெஷினுக்கு ஏன் சுவிட்ச் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அது முனகியது, யோசித்தது, பிறகு கறுப்புத் திரையில் எழுத்து வந்தது. தேதி 01-01-1980. உன் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

ஊரெல்லாம் ரெண்டாயிரமாம் வருசம் பிறந்தால் மெஷின்கள் என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டிருக்கிறது. 'உங்கள் கம்ப்யூட்டரின் தேதியைச் சரிபார்த்துத் தருகிறோம்' என்று நீ எழுதி ஒட்டிய தாள் இன்னும் கதவில் இருக்கிறது. தேதியைக் கண்டு பயப்பட மற்றவர்களுக்கு இப்போதுதான் நேரம் வந்திருக்கிறது. நமக்கு அது எப்போதோ வந்துவிட்டது.

உன்னை முதலில் பார்த்தது கிள்ளானில், நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்த லோரி ஆபீசில். மதியம் இடி இடித்ததில் கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்று முதலாளி ரிப்பேர் கடைக்குப் போன் போட்டு ஆள் அனுப்பச் சொன்னார். ஆம்பளை வருவார் என்று எதிர்பார்த்தவர், கையில் டூல்பெட்டியோடு நீ நின்றதைப் பார்த்து வாயைத் திறந்தவர் மூடவில்லை. அதற்குள் அவர் மெஷினுக்கு விபூதிப் பட்டை போட்டு, ஊதுபத்தியும் ஏற்றி வைத்திருந்தார். நீ குனிந்து, மேசைக்கடியில் கழன்று கிடந்த பிளக்கை எடுத்துச் சொருகினாய். மெஷின் எழுந்துகொண்டது.

"முதல்ல பிளக்கைப் பாருங்க பாஸ், அப்புறம் சாமியைக் கூப்பிடுங்க. விபூதியை ஃபேன் உள்ள இழுத்துக்கும், அதுதான் மெஷினுக்கு வியாதி," என்றாய். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்று மத்தியானம் ஒரே இலையில் சாப்பிடாத குறையாகச் சிநேகிதமானோம்.

அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் வாங்கப் போகிற யாரையும் உன்னிடம்தான் அனுப்புவேன். பெட்டியின் அழகைப் பார்க்காதே, பின்னால் இருக்கும் பவர் சப்ளையைத் தூக்கிப் பார், கனமாக இல்லாவிட்டால் அங்கேயே வைத்துவிட்டு வா என்பாய். அடுத்தவன் டிஸ்கெட்டை வைரஸ் இருக்கிறதா என்று சோதிக்காமல் சொருகினால் உனக்குக் கெட்ட கோபம் வரும். "கண்டவன் டூத்பிரஷ்ஷை வாயில வைப்பியா? இதை மட்டும் ஏன் வைக்கிற?" இடி கேட்டால் பிளக்கோடு டெலிபோன் வயரையும் கழட்டச் சொல்வாய். பாஸ்வேர்டு விஷயத்தில் நீ சொன்னதை இன்றும் வீட்டில் சொல்லிச் சிரிப்போம். "சாமி பேரை வைக்காதீங்க லா. முருகான்னு தட்டினா பிரிக்பீல்ட்ஸ்ல பாதி மெஷின் தொறந்துக்கும்."

எனக்குக் கல்யாணம் பேசியது அந்தச் சமயத்தில்தான். மாப்பிள்ளை கிள்ளான் பக்கத்து மேருவில் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர். பெண் பார்க்க வந்தவர், என் அம்மாவிடம் பேசுகிற சாக்கில் என்னிடமே பேசிவிட்டுப் போனார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதுவரை யாரையும் பிடித்ததில்லை என்பதால் அது என்ன என்று புரியவே எனக்குக் கொஞ்ச காலம் ஆனது. உன்னிடம் மட்டும்தான் சொன்னேன்.

பிறகு அவர் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஓரத்தில் ஓட்டை போட்ட கம்ப்யூட்டர் தாள். பிரிக்பீல்ட்ஸில் புதிதாகக் கம்ப்யூட்டர் ஜாதகம் போட்டுக் கொடுத்த கடையில் எடுத்தது. என் பிறந்த நாள், நேரம், நட்சத்திரம் எல்லாம் சரி. 'நடப்பு தசை: ராகு' என்றிருந்தது.

"ராகு தசை நடக்குற பொண்ணை எடுத்தா எம் புள்ளைக்கு ஆகாதுங்க," என்றார். எங்கள் கோயில் ஐயர் கையால் எழுதிய குறிப்பில் ராகு எப்போதோ முடிந்து குரு தசை நடந்துகொண்டிருந்தது. அப்பா அதைக் கொண்டுவந்து காட்டினார். அந்த அம்மா அதைத் தொடக்கூட இல்லை. "கையால எழுதுனதுல தப்பு வரும். மெஷின் பொய் சொல்லுமா?"

அப்பா ஐயரின் குறிப்பை மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார். எனக்கோ ஆத்திரம். ராகுவின் மேலா, அந்த அம்மாவின் மேலா, கம்ப்யூட்டரின் மேலா என்று தெரியாத ஆத்திரம். தாளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி உன்னிடம் வந்தேன். நீ ஜாதகத்தைப் படிக்கவில்லை. தாளின் அடியில், யாரும் பார்க்காத ஓரத்தில், பொடி எழுத்தைப் பார்த்தாய். 01-01-80. டூல்பெட்டியை எடுத்துக்கொண்டு, "வா," என்றாய்.

அடுத்த கடை வரிசையில் மாடியில் இருந்தது அந்த ஜாதகக் கடை. கடைக்கார அங்கிள் நம்மைப் பார்த்து வாடிக்கை வந்ததென்று எழுந்தார்.

"அங்கிள், இன்னிக்கு என்ன தேதி?"

அவர் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துச் சொன்னார்.

"உங்க மெஷினுக்கு அது தெரியாது அங்கிள். உள்ள பேட்டரி செத்துப்போச்சு. தினம் காலையில சுவிட்ச் போட்டா அதுக்கு எம்பதாம் வருசம் பொறக்குது. இவ பள்ளிக்கூடம் போன காலத்துல என்ன தசையோ, அதைத்தான் அடிச்சுக் குடுத்திருக்கு."

"நல்லாத்தானேம்மா ஓடுது? பிரிண்டெல்லாம் அழகா வருது லா."

நீ பெட்டியைத் திறந்து, பொத்தான் அளவு பேட்டரியை மாற்றி, தேதியைத் தட்டி, என் ஜாதகத்தை மறுபடி போட்டாய். பிரிண்டர் கிறீச்சிட்டபடி அடித்தது. 'நடப்பு தசை: குரு.' கண்ணை மூடி, சூடாக இருந்த அந்தத் தாளைக் கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.

நீ சிரிக்கவில்லை. எப்போதிருந்து இப்படி என்று அங்கிளைக் கேட்டாய். தீபாவளிக்கு முன்னாலிருந்தே தேதி அப்படித்தான் வருகிறது, அதை யார் பார்க்கிறார்கள் என்றார். அதற்குப் பின் ஜாதகம் வாங்கிப்போன எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்றாய்.

"கடை பேரு கெட்டுப்போயிரும்மா."

"பொண்ணுங்க பேரு கெட்டுப்போச்சே அங்கிள்."

அவர் நல்ல மனிதர்தான். டெலிபோனை எடுத்தார். நாம் படியிறங்கி வந்தோம். பாதிப் படியில் நீ நின்று, சுவரைப் பார்த்தபடி சொன்னாய். "என்னோட ஜாதகமும் இங்கதான் எடுத்தாங்க. தீபாவளிக்கு அப்புறம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாலாக் செலாத்தானிலிருந்து வந்து உன்னைப் பெண் பார்த்துப்போன பையன். பிறகு சேதியே இல்லை என்று நீ சொன்ன பையன். உனக்குச் சனி தசை என்று தாளில் வந்ததாம். அவர் வேறு பெண்ணுக்குப் பரிசம் போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது.

"ஊரான் மெஷினுக்கெல்லாம் தேதி பாக்குறேன்," என்றாய். "எனக்கு வந்த தாளை நான் பாக்கவே இல்லடி. மெஷின் சொல்லிருச்சேன்னு நானும் நம்பிட்டேன்."

இப்போதே சாலாக் செலாத்தானுக்குப் போகலாம், அவர்கள் வீட்டில் தாளைத் தூக்கி எறிந்து கேட்கலாம் என்று நான் கத்தினேன். படியில் ஏறிவந்த ஆட்கள் ஒதுங்கி நின்றார்கள். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். "அங்க ஒரு பொண்ணு பரிசப் புடவையை மடிச்சு வச்சிருப்பா. அவ என்ன செஞ்சா?" அதற்குமேல் நீ அதைப் பற்றிப் பேசவில்லை. நான் கேட்கவும் விடவில்லை.

என் மாமியார் புதுத் தாளை வாங்கி, அடியில் இருந்த தேதியை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். என் கல்யாணத்தில் நீதான் எனக்குத் தலை பின்னிவிட்டாய். உன் விரல் நடுங்கவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிறகு உன்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் ஜாதகம் என்று வாயெடுத்தால் வாசலோடு அனுப்பினாய். அந்த அங்கிள் கடையை மூடியபோது இந்த மெஷினை நீயே வாங்கிவந்து மூலையில் வைத்துக்கொண்டாய். ஏன் என்று கேட்டேன். "இது மேல எனக்குக் கோவம் இல்லடி. அதுக்கு யாரும் தேதி சொல்லல, அவ்வளவுதான்," என்றாய்.

என் மகளுக்கு நான் ஜாதகம் எழுதவில்லை. யாராவது ஒருத்தரைப் பற்றி இவள் இப்படி, அவன் அப்படி என்று அடித்துச் சொன்னால், இவர் எந்த வருசத்து ஆளைச் சொல்கிறார் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. ஆபீசிலும் வீட்டிலும் என்னை வம்பு பிடித்தவள் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நீ அன்று போட்ட பேட்டரியும் செத்திருந்தது. உன் மேசை டிராயரில் புது பேட்டரி ஒன்று உறை பிரிக்காமல் இருந்தது. நீ காட்டிக்கொடுத்தபடியே பிளக்கைக் கழற்றி, பெட்டியைத் திறந்து, பழையதை எடுத்துப் புதியதைப் போட்டேன். மெஷினை மறுபடி எழுப்பினேன். தேதி கேட்டு நின்றது. நான் தட்ட வேண்டியது, நீ இல்லாத ஒரு தேதி. எம்பதாம் வருசமாகவே இருக்கட்டுமே, அங்கே நீ எங்கோ பள்ளிக்கூடச் சீருடையில் போய்க்கொண்டிருப்பாயே என்று கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு இன்றைய தேதியைப் போட்டேன். தப்பான தேதியோடு ஒரு மெஷினை விட்டுவிட்டுப் போனால் நீ என்னோடு பேசமாட்டாய்.