மைக்கில் போன என் கட்டி

ஜூலை 8, செவ்வாய்

காற்று, புழுதி. துவைத்த துணி காயுமுன்பே அழுக்கு. மார்புக் கட்டியில் ஊசி போட்டு எடுத்த சதைக்கு ரிசல்ட் வெள்ளிக்கிழமைதானாம். அதுவரை தேங்காய் வாங்க வேண்டும், கேஸ் சிலிண்டருக்குப் பதிய வேண்டும்.

இவர் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லோடு ஏற்றிக்கொண்டு கேரளா போயிருக்கிறார். லாரி ஓட்டுகிற மனுஷரிடம் போனில் சொல்கிற விஷயமா இது? துணைக்கு ஆள் வேண்டுமே என்று நாத்தனார் எஸ்தரிடம் மட்டும் சொன்னேன். "யார்ட்டயும் சொல்லிராத." "சொல்வேனா அண்ணி?"

ஜூலை 9, புதன்

சொல்லிவிட்டாள். சர்ச் மாலைக் கூட்டத்தில், மைக்கில், ஜெபக்குறிப்பாக. என் பெயர், கட்டி, எந்தப் பக்கம் என்பது வரை. ஸ்பீக்கர் தெருவைப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறது. வீட்டில் வெண்டைக்காய் வதக்கும்போது அத்தனையும் காதில் விழுந்தது. இடது பக்கம் என்று ஆண்டவருக்குத் தெரியாதா?

பக்கத்து வீட்டு பாத்திமாக்கா மதில் மேலே எட்டி: "மைக்குல கேட்டேன்டி. அம்புட்டு வருத்தமாப் போச்சு. நானும் துவா செய்றேன்." நல்ல மனுஷி. இருந்தாலும் மானம் போயிற்று.

வெண்டைக்காய் கருகிவிட்டது. அதையே தின்றேன். எஸ்தர் போன் மூன்று முறை. எடுக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

காலண்டர் வசனம் இன்றும் கவலைப்படாதே என்கிறது. அச்சடித்தவனுக்குக் கட்டி இல்லை.

மாலை என் வீட்டிலேயே ஜெபக்கூட்டம். எஸ்தர் கூப்பிட்ட கூட்டம், நான் வாங்கிய முறுக்கு. ஒருத்தி தேம்பித் தேம்பி அழுதாள். யாரென்றே தெரியவில்லை.

எஸ்தர்: "அண்ணி, எந்திரிச்சு சாட்சி சொல்லுங்க. சொகமாயிருச்சுன்னு சொல்லுங்க. ரிசல்ட்டு வர்றதுக்கு முந்தியே சொன்னாத்தான் விசுவாசம்."

எங்கள் கூட்டத்துப் பழக்கம் இது. கிடைக்கும் முன்பே கிடைத்துவிட்டதாக நன்றி சொல்வது. மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், எல்லாவற்றுக்கும். நானும் கை தட்டியிருக்கிறேன்.

எழுந்தேன். "எனக்குப் பயமா இருக்கு." வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

ஒரு அல்லேலூயா இல்லை. "கவலப்படுறது அவிசுவாசம் அண்ணி" என்றாள், எல்லார் முன்பும்.

"அப்ப நான் அவிசுவாசி. முறுக்கத் தின்னுட்டுக் கெளம்புங்க."

கிளம்பினார்கள். முறுக்கைத் தின்றுவிட்டுத்தான்.

பாத்திரம் தேய்க்கும்போது ஆண்டவரோடும் சண்டை. பயமாயிருக்கிறது என்று உமக்கும் சேர்த்துத்தான் சொன்னேன், சுகம் கேட்டுக் கேட்டு வாய் வலிக்கிறது, நாளைக்கு என்கூட வந்தால் போதும் என்றேன். படுக்கப் போகிறேன்.

ஜூலை 11, வெள்ளி

கண் விழித்தால் விடிந்திருந்தது. இந்த வாரத்தில் இதுதான் தூக்கம். நெஞ்சுப் படபடப்பு எங்கே போனதென்று தேடினேன். ரிசல்ட் மாறியிருக்கும் என்றெல்லாம் தோன்றவில்லை. தனியாக இல்லை, அவ்வளவுதான்.

வாசலில் எஸ்தர், குடையும் பையுமாக. கதவைப் பூட்டிவிட்டு முன்னால் நடந்தேன். பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தேன். டிக்கெட் மட்டும் அவள் எடுத்தாள்.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. கெட்ட கட்டிதான். மதுரையில் ஆபரேஷன்.

வராண்டாவுக்கு வந்ததும் எஸ்தர் பெஞ்சில் சரிந்துவிட்டாள். "நம்பித்தானே அண்ணி ஜெபிச்சேன். அம்மாவுக்கும் இப்படித்தான் ஜெபிச்சேன்."

மாமியார் போனது இதே நோயில். அப்போது எஸ்தர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். என் கோபத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை. மைக்கில் சொன்னதை இப்போதும் மன்னிக்கவில்லை. ஆனால் அவள் கை சில்லிட்டுக் கிடந்தது. பிடித்துக்கொண்டேன்.

"பயமா இருக்கு அண்ணி."

"இருக்கட்டும். கண்ண மூடு."

மூடினாள். "ஆண்டவரே, இவ பயந்து போயிருக்கா. இவளப் பாத்துக்கும். என்கூடத்தான் காலையிலயே வந்துட்டீரே" என்றேன்.

வராண்டாவே திரும்பிப் பார்த்தது. சத்தமாகத்தான் சொன்னேன். கேட்கட்டும்.