திரும்ப எடுத்த படம்

வுப்பர்டால், ஜேர்மனி, 8.11.1987, ஞாயிறு

பின்னேரம் அகதி விடுதியில் ஓர் அமெரிக்கச் சண்டைப்படம் போட்டார்கள். பழைய ஹொங்கொங் படம் ஒன்றைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் அதைத் தம்பியோடு பார்த்திருக்கிறேன். அதே உதை, அதே இடத்தில் உடையும் கதவு. முகங்கள் மட்டும் வெள்ளை. சொந்தமாகக் கதை இல்லாதவனுக்குக் கமெரா எதற்கு என்று எரிச்சல் வந்தது.

படம் முடிந்ததும் என் அறையில் இருக்கும் ரவி வந்தான். நாளை அவனுக்கு அகதி விசாரணை.

“அண்ணை, நான் சொல்லுறது சரியோ எண்டு ஒருக்காக் கேளுங்கோ.”

அவன் சொன்னது என் கதை. ஆமிக்காரர் வந்தது, தம்பியை இழுத்துப் போனது, அம்மா மயங்கி விழுந்தது. போன மாதம் என் விசாரணைக்கு முன் அவனிடம்தான் சொல்லிப் பழகினேன். ஊர் மட்டும் மாறியிருந்தது.

“இது என்ரை கதையடா. ரெண்டு பேர் ஒண்டையே சொன்னால் ரெண்டு பேரையும் திருப்பி அனுப்புவாங்கள்.”

“எனக்கும் அப்பிடித்தான் நடந்தது, அண்ணை.”

அவன் நிறுத்தவில்லை. விடிந்ததும் கிணற்றடியில் தம்பியின் ஒற்றைச் செருப்பு கிடந்ததையும், நாய் அதை முகர்ந்துகொண்டு நின்றதையும் சொன்னான்.

எங்கள் கிணற்றடியில் கிடந்த செருப்பைப் பற்றி நான் விசாரணையில் சொல்லவில்லை. ரவியிடமும் சொல்லவில்லை. இந்தக் கொப்பியில்கூட இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.