கெங்கம்மாவின் பரீட்சையும் என் இடது காலும்

என் பிள்ளைபோல வளர்ந்த மருமகன் மதிக்கு, மாமன் பீம்ராவ் எழுதுவது. ஜெய்பீம். வியாசர்பாடியில் உன் அம்மா கெங்கம்மாவும் தங்கை கார்குழலியும் இருக்கிறார்கள், சுகம் என்று எழுதக் கை வரவில்லை, குவைத்தில் நீயாவது வேளைக்குச் சாப்பிட்டு உடம்போடு இருக்க வேண்டும். நான் இப்போது ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறேன், பதறாதே, வார்டிலேயே நல்ல கட்டில் இதுதான், ஆளைப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். இப்படி ஒரு சர்க்கரையை நான் பார்த்ததே இல்லை என்று பெரிய டாக்டர் படிக்கிற பிள்ளைகளையெல்லாம் கூட்டிவந்து என்னைக் காட்டினார். வருகிற வியாழன் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கிறார்கள். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது கால் இருக்காது. உன் அம்மா உனக்குச் சொல்ல வேண்டாம் என்றாள், நான் எழுதுவது காலுக்காக இல்லை, அவளுக்காக.

ராயபுரத்து நர்சிங் ஹோமில் ஆயா வேலை பார்த்துக்கொண்டே அவள் நர்சிங் உதவியாளர் படிப்பு படிப்பது உனக்குத் தெரியும். பாஸ் பண்ணிவிட்டால் தரை துடைக்கிற வேலை போய் நோயாளியைக் கவனிக்கிற வேலை. டூட்டி முடிந்து வந்து உலை வைத்துவிட்டு, கார்குழலி புத்தகத்தை வாசிக்க வாசிக்க இவள் செய்து பார்ப்பாள், நோயாளி நான்தான். மெட்ராஸிலேயே என்னைப்போல நோயாளியாக நடிக்க ஆள் கிடையாது. ஒருநாள் நான் முனகிய முனகலில் கீழ்வீட்டு லூர்து கஞ்சியோடு ஓடிவந்து, விஷயம் தெரிந்ததும், "இன்னா மாமு, சாவுக்கு ரிகர்சலா" என்று கேட்டுவிட்டுப் போனான், எல்லாரும் சிரித்தோம். அதற்கு அடுத்த பாடம்தான் சுடுதண்ணிப் பை. இனி எழுதுவதில் நான் எதையும் கூட்டவில்லை, நீ நம்ப வேண்டும். சூட்டைத் தன் முன்கையில் பார்த்து, பையைத் துணியில் சுற்றித்தான் என் பாதத்தில் வைத்தாள். "சுடுதாண்ணா" என்று கேட்டாள். சூடா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை, பாதம் மரத்துப்போய் மாசக்கணக்காகிறது, யாரிடமும் சொல்லவில்லை. எண்ணூர் அனல்மின் நிலையத்தில் அணையாத சாம்பலில் நின்று வேலை பார்த்தவனுக்கு இதெல்லாம் ஒரு சூடா என்றேன். அவள் உலையைப் பார்க்கப் போனதும், கார்குழலிக்கு முன்னால் பெருமைக்காகத் துணியை நானே உருவிப் போட்டு, பையின்மேல் வெறுங்காலை வைத்துக்கொண்டு அந்த எண்ணூர்க் கதையைக் கடைசிவரை சொல்லி முடித்தேன். திரும்பி வந்தவள்தான் கொப்புளத்தைப் பார்த்தாள். பிறகு அது ஆறவில்லை, கறுத்துவிட்டது.

துணியை எடுத்தது நான்தான் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். நான் வழக்கம்போல அளக்கிறேன், அவளைத் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்றே நினைக்கிறாள். கார்குழலி சொன்னாலும், சீக்காளியை விட்டுட்டு அடுப்படிக்குப் போனது யாரு என்று கேட்கிறாள். புத்தகங்களைப் பரண்மேல் போட்டுவிட்டாள். "இந்தக் கை இனிமே சீக்காளியத் தொடக் கூடாதுண்ணா" என்றாள். அடுத்த மாசம் முதல் வாரம் செய்முறைப் பரீட்சை, விட்டால் ஒரு வருஷம் போய்விடும், இந்த மனசோடு அவள் அடுத்த வருஷம் போகவே மாட்டாள். நீ ஞாயிற்றுக்கிழமை நம் தெருமுனை ஷாகுல் ஹமீது கடைக்குப் போன் போட்டு அவளைக் கூப்பிடச் சொல். என் பேச்சைத்தான் நம்பமாட்டாள், உன் வாயால் கேட்டால் நம்புவாள், இந்தக் கடிதத்தை அவளுக்கு அப்படியே வாசித்துக் காட்டு.

இன்னொன்று. வீட்டுக்குப் போனபின் கட்டுப் பிரித்துக் கட்ட யார் இருக்கிறார்கள் என்று டாக்டர் கேட்டார். என் தங்கை இருக்கிறாள், பரீட்சையில் முதலாவதாக வந்தவள், வேறு யார் கையும் தேவையில்லை என்று சொல்லிவிட்டேன். நான் விட்ட சரடுகளில் இது ஒன்றையாவது அவள் நிஜமாக்கட்டும்.

நீ நல்லபடி இருந்து ஊர் வந்து சேர வேண்டும், வெயிலில் தலைக்குத் துணி கட்டு, பாதம் மரத்துப்போனால் உடனே டாக்டரிடம் சொல். ஞாயிறு போனை மறக்காதே.

உன்னைத் தோளில் சுமந்த மாமன்,
ஆ. பீம்ராவ்