அசெனுக்கு ஊற்றாத சூப்

கோஸ்தினோ, பல்கேரியா
ஜூன் 5

அன்பு மகள் ரோசிட்சாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், சிகாகோவில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறோம். இந்தப் பரிசோதனையிலும் ரத்தத்தில் புற்றுநோய் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், நோய் போய் இரண்டு வருடம் முடிந்துவிட்டது. செர்ரி நன்றாகக் காய்த்திருக்கிறது, அம்மா இன்னும் எனக்கு உப்பைக் கண்ணில் காட்டுவதில்லை.

மனதுதான் சரியில்லை. குர்பான் விருந்துப் படங்களைப் பார்த்துவிட்டு அசென் மாமா எங்கே என்று போனில் கேட்டாய், அவனுக்கு வேலை இருந்தது என்றேன். பொய், கண்ணு. சாவிலிருந்து மீண்டவன் ஆட்டுக்குட்டி அறுத்துச் சூப் வைத்தால், பாத்திரத்தோடு வருகிற யாரையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது, அதுதானே குர்பான். அன்றைக்கு அசெனும் அவன் மனைவி ஸ்லாத்காவும் ஜிப்சிகள் என்று ஊர் ஒதுக்கிவைத்த ரோமா சனங்களின் தெருவிலிருந்து சலவைச் சட்டையும் சின்னத் தூக்குமாக வந்து வாசலில் நின்றார்கள். பக்கத்தில் இருந்த ஊர்த் தலைவர், இவன் எதுக்குய்யா இங்க நிக்கிறான் என்றார். எனக்குத் தெரியாதா எதற்கென்று? நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மா கொண்டுவந்து காட்டிய ரத்ததானச் சீட்டுகளில் மூன்று அவன் பெயரில் இருந்தன. உன் சித்தப்பா ஊசி என்றாலே மயக்கம் வரும் என்று ஒதுங்கிக்கொண்டவன். ஆனாலும் என் வாயில் வந்தது, நம்ம கூரைக்கு ஓடு மாத்துறவன், மிச்சம் இருந்தா வாங்கிட்டுப் போவான் என்பதுதான். பிறகு எழுந்து நின்று கடவுளுக்கும் டாக்டர்களுக்கும், கொப்பரை இரவல் கொடுத்தவனுக்கும்கூட நன்றி சொன்னேன். கொப்பரை காலியானபோது வாசலில் அவர்கள் இல்லை.

இரண்டு வாரம் அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவளே சூப் வைத்து, போய்க் குடுத்துட்டு வாங்க, இல்லாட்டி வீட்டுக்கே வராதீங்க என்று கையில் கொடுத்தாள். அசென் நாற்காலி போட்டுச் சிரித்தான். அண்ணே, நீங்க குடிச்சீங்கல்ல, உள்ள ஓடுறது என் ரத்தம்தானே, அதுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும், விடுங்க என்றான். ஸ்லாத்கா சிரிக்கவில்லை. சூப்பை ஊற்றிக்கொண்டு பாத்திரத்தைக் கழுவித் துடைத்து நீட்டினாள், உள்ளே ஒரு செர்ரிகூடப் போடவில்லை. நம் ஊரில் யாராவது பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவார்களா? கூனிக்குறுகி வீடு வந்தேன்.

எதற்குப் பிழைத்தேன் என்று பெரிதாக யோசித்துக்கொண்டிருந்தவன் நான். என் ரத்தத்தை இனி யாருக்கும் எடுக்க மாட்டார்களாம், கார் ஓட்டலாமே. இனி வியாழன்தோறும் ரத்தம் கொடுக்கிறவர்களை நகரத்துக்குக் கூட்டிப் போவதென்று அசெனிடம் சொன்னேன். போன வாரம் முதல் தடவை போனோம், அவன் முன்சீட்டில், பின்னால் உன் சித்தப்பா வெளுத்த முகத்தோடு. வழியில் ஊர்த் தலைவர் தன் வீட்டு வாசலில் நின்றிருந்தார். வண்டியை நிறுத்தி, இவன் ரத்தத்தில்தான் நான் பிழைத்தேன் என்று சொல்ல நினைத்தேன். நிறுத்தவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையோடு சண்டை போடாதே, புனித ஜார்ஜ் உங்களுக்குத் துணை இருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, அடுத்த முறை பேசும்போது வண்டியை நிறுத்தினாயா என்று என்னைக் கேள். நிறுத்தினேன் என்று சொன்னால் நம்பிவிடாதே, அசெனிடம் கேள், முன்சீட்டில் அவன்தான் இருப்பான்.

உன் அப்பா
ஸ்டாமென்